காகங்களை ஒழித்தால் கொழும்புக்கு என்ன குறையும்?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 6

"கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வாசலில் குப்பைப் பையை வைத்து ஐந்து நிமிடம் ஆகாது, காகம் கிழித்துத் தெருவெல்லாம் பரப்பிவிடும். போன கிழமை பள்ளிக்கூட வாசலில் மகளின் கையிலிருந்த பணிஸைப் பறித்துக்கொண்டு போனது. பிள்ளை பயந்துபோய் இப்போது வெளியில் எதையும் சாப்பிடுவதில்லை. சூழற்றொகுதி, உணவுச் சங்கிலி என்று எல்லோரும் பேசுகிறார்கள். சரி, கொழும்பில் இருக்கும் அத்தனை காகங்களையும் ஒரே நாளில் இல்லாமல் செய்துவிட்டால் என்ன குறையும்? புத்தகப் பதில் வேண்டாம்."

ஏப்ரல் 6, மாலை

முதலில் நான் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் கடற்பக்கத் தொடர்மாடி ஒன்றில் நான்காம் மாடியில் இருக்கிறோம். அம்மா காலையில் சோறு ஆக்கியதும் ஒரு பிடி எடுத்து பல்கனிச் சுவரில் வைத்து "கா கா" என்று கூப்பிடுவார். புரட்டாதிச் சனி என்றால் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, காகம் வாய் வைத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவோம். ஆகவே காகம் எனக்கு வெறும் பறவை இல்லை. அந்தப் பாசத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டதை ஒரு நாடு ஏற்கனவே அனுபவித்திருக்கிறது. காகத்தை வைத்தல்ல, பிணந்தின்னிக் கழுகை வைத்து. 1990களில் இந்தியாவில் பாறுக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் நூற்றுக்கு 99க்கு மேல் போய்விட்டன. ஏன் என்று பல வருடம் யாருக்கும் விளங்கவில்லை. 2004இல்தான் காரணம் வெளிவந்தது. மாட்டுக்கு வலி குறையப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து. மருந்து ஏற்றிய மாடு செத்தால் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006இல் மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

அதற்குள் என்ன ஆனது என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. ஒரு கூட்டம் கழுகு இறங்கினால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் உடல்கள் கிடந்து அழுகின. அந்த இறைச்சி தெருநாய்களுக்குப் போனது. நாய் பெருக, விசர்நாய்க்கடியும் கூடியது. இறந்தவர்களைப் பறவைகளுக்கு ஒப்படைக்கும் மும்பைப் பார்சிகளின் வழக்கமே தடுமாறிப் போனது. மாட்டின் கால்வலிக்குப் போட்ட ஊசி எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

நம் நாட்டில் பாறுக் கழுகு வாழ்வதில்லை. காலி வீதியில் பஸ் ஏறிய எலி, கால்வாய் முகத்தில் கொட்டும் மீன் குடல், மழையில் செத்த பூனைக்குட்டி, இவற்றையெல்லாம் எடுப்பது காகம், கபரகொய்யா என்ற நீர் உடும்பு, நாய் ஆகிய மூன்றும்தான். காகம்தான் கொழும்பின் பிரிகையாக்கி, அதாவது செத்ததைச் சிதைத்து மண்ணுக்குத் திருப்பும் உயிர். அது போனால் அதன் பங்கு நாய்க்கும் எலிக்கும் போகும்.

ஏப்ரல் 6, இரவு

மேலே ஒரு பிழை விட்டுவிட்டேன். காகம் பிரிகையாக்கி அல்ல. செத்ததைத் தின்றாலும் அது நுகரிதான், வேறொன்றைத் தின்று வாழும் உயிர். பிரிகையாக்கி என்பது பக்டீரியாவும் பூஞ்சணமும். காகம் எலியைத் தின்று எச்சமிட்டால், அந்த எச்சத்தைப் பிரித்து மண்ணுக்கும் நீருக்கும் உப்பாகத் திருப்பிக் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம். காகம் பெரிய துண்டைச் சின்னத் துண்டாக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். உயர்தரத்தில் உயிரியல் படித்த எனக்கு இது வந்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 9

இரண்டு நாளாக அந்தப் பணிஸ் என் மனதை விட்டுப் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் உணவுச் சங்கிலி வரைந்தபோது எப்போதும் புல்லில் தொடங்குவோம். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. கொழும்புக் காகத்துக்கு அதை வரைந்து பாருங்கள். பணிஸ் கோதுமை மாவு. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை, கப்பலில் வருகிறது. நான் சோற்றோடு வைக்கும் மைசூர்ப் பருப்பு கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ வெயில் காய்ந்தது. அரிசி பொலன்னறுவையிலிருந்து லொறியில் வந்திருக்கும். அதாவது எங்கள் சுவரில் வந்து உட்காரும் காகம் தின்பது கனடாவில் விழுந்த சூரிய ஒளியை.

இது சும்மா அழகுக்குச் சொல்வதல்ல. ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர் மினசோட்டாவில் ஒரு சின்னச் சதுப்பு ஏரியை எடுத்து, அதில் விழும் வெயிலில் எவ்வளவு பாசிக்குப் போகிறது, அதில் எவ்வளவு பூச்சிக்கு, எவ்வளவு மீனுக்கு என்று கணக்குப் போட்டார். 1942இல் அந்தக் கட்டுரை அச்சாகும் முன்பே 26 வயதில் நோயால் இறந்துவிட்டார். ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி மூச்சிலும் சூட்டிலும் கரைந்துபோக, சிறு பங்குதான் மேலே ஏறும் என்பதைக் காட்டியது அந்தக் கணக்கு. பத்தில் ஒன்று என்று பாடப்புத்தகம் சொல்லும். அது தோராயம், இடத்துக்கு இடம் ஏறி இறங்கும்.

அப்படியானால் ஒரு ஊரின் மரமும் புல்லும் தாங்கக்கூடிய காகங்களுக்கு ஓர் எல்லை உண்டு. கொழும்பில் அந்த எல்லை எப்போதோ தாண்டியாயிற்று. ஏனென்றால் காகத்தின் வயல் கொழும்பில் இல்லை. நாம் இறக்கி, சமைத்து, மிச்சம் விட்டு, வாசலில் வைக்கும் பைதான் அதன் வயல்.

ஏப்ரல் 14

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். கைவிசேடம் வாங்கிக்கொண்டு பல்கனிக்கு வந்தால் ரயில் பாதைப் பக்கத்துக் கொட்டம்பா மரத்திலிருந்து குயில் கூவுகிறது. மேல்மாடிச் சிங்கள அன்ரி கொக்கிஸ் தட்டோடு வந்து "கோகா வந்துவிட்டது, கேட்டீர்களா" என்றார். அவர்களுக்கு அந்தக் குரல்தான் வருடப் பிறப்பு.

அன்ரியிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கொழும்பில் காகம் இல்லையென்றால் குயிலுக்குக் கூடு இல்லை. குயில் கூடு கட்டாது. கரிய ஆண் குயில் போய்க் காகத்தைச் சீண்டித் துரத்த வைக்கும். அந்த இடைவெளியில் புள்ளி போட்ட பெண் குயில் கூட்டில் முட்டையிட்டுவிடும். குயில் முட்டை முதலில் பொரிக்கும். குஞ்சு காகக் குஞ்சுகளைக் கீழே தள்ளிவிட்டுத் தனியாக வளரும்.

ஏப்ரல் 20

குயில் எதைத் தின்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் பழம். அதிலும் ஆலம்பழம், அரசம்பழம் என்றால் விடாது. இதற்குப் பதில் எங்கள் கட்டடத்தின் குழாயிலேயே இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் மூன்றாம் மாடித் தண்ணீர்க் குழாய் சுவரோடு சேரும் மூட்டில் ஓர் அரசங்கன்று முளைத்தது. விதை கடுகிலும் சின்னது. பறவையின் வயிற்றுக்குள் போய் எச்சத்தோடு சுவர் வெடிப்பில் விழுந்தால் போதும், முளைத்துவிடும். கட்டட நிர்வாகத்தினர் அசிட் ஊற்றச் சொன்னார்கள். மேல்மாடி அன்ரி ஒரே பிடியாக நின்றார், போதி மரத்துக்கு அசிட் ஊற்ற விடமாட்டேன் என்று. கடைசியில் ஒரு மேசன் பாஸ் வந்து சுவரைக் கொத்தி வேரோடு எடுத்துத் தந்தார். அன்ரி அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் கால்வாய்க் கரையில் நட்டார். நானும் கூடப் போனேன். இப்போது என்னைவிட உயரம்.

அந்தக் கன்றுக்காகத்தான் நான் அத்தி இனங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். "அத்தி பூத்த மாதிரி" என்று எத்தனை தரம் சொல்லியிருப்போம். அத்தி பூக்காமல் இல்லை. அத்தி, ஆல், அரசு எல்லாம் பூவைக் காய்க்குள்ளே வைத்துப் பூக்கின்றன. நாம் காய் என்று நினைப்பது ஒரு மூடிய பை, உள்சுவர் முழுக்கச் சின்னஞ்சிறு பூ. நுனியில் ஊசித் துளை. அந்தத் துளைக்குள் புகக்கூடியது இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி மட்டும். புகும்போது பெண் குளவியின் இறகு ஒடிந்துவிடும், திரும்பி வர முடியாது. உள்ளே மகரந்தத்தைப் பூசும், சில பூவில் முட்டையிடும், அங்கேயே சாகும். குஞ்சுகளில் ஆண்களுக்கு இறகே கிடையாது. அவை பெண்களோடு கூடி, சுவரில் வழி குடைந்து கொடுத்துவிட்டுப் பைக்குள்ளேயே இறந்துபோகும். பெண்கள் மகரந்தத்தோடு அந்த வழியால் பறந்து இன்னொரு மரத்தைத் தேடும். "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்று யாரோ ஒரு கிழவி சொன்னபோது அவர் கண்டது இந்தப் பிள்ளைகளைத்தான்.

ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறு குளவி. மாறி வேலை செய்யாது. குளவி இல்லையென்றால் விதை இல்லை, மரம் இல்லையென்றால் குளவி இல்லை.

இன்னொன்றும் உண்டு, எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் அது. வளர்ந்த பெண் குளவிக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. ஒரு மரத்தின் காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முதிரும். ஆகவே அது வெளியே வரும் நேரத்தில் இளங்காயோடு நிற்கும் இன்னொரு அரசமரம் வேண்டும். காற்றோடு பல கிலோமீட்டர் போகும், ஆனாலும் போய்ச் சேர ஒரு மரம் இருக்க வேண்டும். தனி மரம் தோப்பாகாது என்பதன் அர்த்தம் அரசமரத்துக்கு வேறு. வருடம் முழுக்க ஏதோ ஒரு மரம் காயோடு நிற்பதால்தான் குயில், மைனா, குக்குறுவான், விகாரமகாதேவிப் பூங்காவில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால், எல்லோருக்கும் மற்றப் பழம் இல்லாத மாதத்திலும் சாப்பாடு கிடைக்கிறது.

காகம், குயில், அரசு, குளவி. கொட்டாஞ்சேனைக் குப்பைப் பையில் தொடங்கிய பேச்சு எங்கே வந்திருக்கிறது பாருங்கள்.

ஏப்ரல் 21

நேற்று எழுதியதில் இரண்டு இடம் உறுத்துகிறது. ஒரு மரத்துக்கு ஒரு குளவி என்று அடித்துச் சொன்னேன். அது பொதுவான நடை, விலக்குகளும் கண்டிருக்கிறார்கள். இரண்டாவது, காகம் போனால் அரசு போகும் என்ற மாதிரி ஒரு வாசம் அதில் வருகிறது. அது சரியில்லை. அரசம்பழம் தின்ன ஆள் நிறைய உண்டு. குயில் குறைந்தாலும் மைனாவும் வௌவாலும் விதையைக் கொண்டுபோகும். குளவி போனால்தான் கதை முடியும்.

அதாவது முடிச்சுகள் எல்லாம் ஒரே இறுக்கம் இல்லை. அரசுக்கும் குளவிக்கும் இடையில் இருப்பது அவிழ்க்க முடியாத முடிச்சு. அரசுக்கும் குயிலுக்கும் தளர்ந்த முடிச்சு. காகமோ யாரோடும் இறுகக் கட்டிக்கொள்ளவில்லை, எதையும் தின்னும், கம்பியாலும் கூடு கட்டும். இதை நான் முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மே 4

"எதைக் கெடுத்தாலும் இயற்கை தானாகவே சமப்படுத்திக்கொள்ளும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, சல்வீனியா கதையைக் கேளுங்கள்.

தென்னமெரிக்காவில் மிதக்கும் ஒரு பன்னம். 1939இல் ஆய்வுக்கென்று கொழும்புக்கு வந்தது. தொட்டியிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல், வயலிலிருந்து குளம். நீரின் மேல் பாய் விரித்தது போல மூடிவிடும். கீழே வெளிச்சம் போகாது, ஒட்சிசன் குறையும், மீன் மேலே வந்து வாய் பிளக்கும். ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, நாற்பது வருடத்துக்கு மேல் நாடு முழுக்க மனிதர் வாரி வாரிக் கரையில் போட்டார்கள். இயற்கை ஒன்றையும் சமப்படுத்தவில்லை. ஏனென்றால் அதைத் தின்னப் பழகிய உயிர் எதுவும் இங்கே இல்லை.

அதன் எதிரியைத் தேடியவர்கள் முதலில் தவறான ஊரில் தேடினார்கள். செடியை வேறொரு சல்வீனியா என்று எண்ணியிருந்தார்கள். 1972இல்தான் இது தனி இனம் என்று பெயர் வைத்தார்கள். 1978இல் அதன் பிறந்த இடம் தென்கிழக்கு பிரேசிலில் கிடைத்தது. அங்கே அதன் மேல் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு கறுப்பு வண்டு. முன்பு கொண்டுபோய் விட்டுத் தோற்ற வண்டு மாதிரியே இருந்ததால் அதே வண்டுதான் என்று நினைத்தார்கள். அதுவும் வேறு இனம். 1980இல் அவுஸ்திரேலிய ஏரி ஒன்றில் விட, ஓரிரு வருடத்தில் பன்னம் கறுத்து மூழ்கியது. 1986இல் அங்கிருந்து அந்த வண்டு இலங்கைக்கு வந்தது. சல்வீனியா முற்றாகப் போய்விடவில்லை, போனால் வண்டும் பட்டினி. ஆனால் பழைய மூர்க்கம் அடங்கியது.

எதிரி என்று ஒன்றை ஒழிக்கும் முன் யார் யாரைக் கட்டிவைத்திருக்கிறார் என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கண் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வண்டுகளில் ஒன்று வேலை செய்தது, மற்றது செய்யவில்லை.

மே 26

மழை. கால்வாய் மதகுவரை வந்துவிட்டது. அன்ரியின் அரசு பத்திரமாக நிற்கிறது.

சதுப்பெல்லாம் மூடினால் டெங்கு போய்விடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். என் தங்கைக்கு 2017இல் டெங்கு வந்தது, அந்த வருடம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் பதிவானார்கள். இரவு முழுக்க பிளேட்லட் எண்ணிக்கைக்குக் காத்திருந்த பயம் எனக்குத் தெரியும். ஆனால் டெங்கு நுளம்பு சதுப்பில் பெருகுவதல்ல. பழைய டயர், பூச்சட்டித் தட்டு, பீலி, இளநீர்க் கோம்பை, அங்கேதான். சதுப்பில் தும்பியின் குடம்பியும் சின்ன மீனும் நுளம்புக் குடம்பியைத் தின்ன இருக்கின்றன. பூச்சட்டித் தட்டில் அவை இல்லை. அழுக்கு தேங்கிய கால்வாயில் வேறு நுளம்பு பெருகும், அது உண்மை. அதற்கு அழுக்கை நிறுத்த வேண்டும், நீரை அல்ல.

சதுப்பை மூடினால் என்ன வரும் என்பதை 2010 நவம்பரில் பார்த்தோம். நாடாளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. வெள்ளம் தங்கிப் போக இருந்த இடங்களில் வீடு இருந்தால் வெள்ளம் வீட்டில் தங்கும். 2018இல், ஈரநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்று கொழும்புக்குக் கிடைத்த அங்கீகாரம் அந்த ஆண்டில் முதன்முதலாக 18 நகரங்களுக்குக் கிடைத்தது. இங்கே பலருக்கு அது தெரியாது. நாடாளுமன்றத்தைச் சுற்றியுள்ள தியவன்னா ஏரிப் பக்கத்து நாணலுக்குள் மீன்பிடிப் பூனை வாழ்கிறது, இந்த மாநகரத்துக்குள். அதற்கு நீர் வேண்டும், மீன் வேண்டும், பகலில் ஒளிய நாணல் வேண்டும். காகத்தைப் போல பணிஸில் வாழ அதற்குத் தெரியாது. நாம் எதையாவது மூடும்போது சத்தமில்லாமல் போவது இந்த மாதிரி உயிர்கள். காகம் போகாது. காகம் இன்னும் கூடும்.

ஜூன் 23

ஏப்ரல் 14இல் எழுதியதைத் திருத்த வேண்டும்.

கொட்டம்பா மரத்துக் காகக் கூடு எங்கள் குசினி ஜன்னலுக்கு நேர் கீழே. கம்பியும் சுள்ளியும் கலந்து கட்டியது. நான்கு கிழமையாகப் பார்த்து வருகிறேன். கூட்டில் குயில் குஞ்சு ஒன்றும் காகக் குஞ்சு இரண்டும், ஒன்றாகவே வாயைப் பிளக்கின்றன. யாரும் யாரையும் தள்ளவில்லை. தேடி வாசித்தேன். தள்ளிவிடுவது ஐரோப்பியக் குயிலின் வழக்கம். நம் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காகக் குஞ்சு உணவுப் போட்டியில் மெலியலாம், சில கூட்டில் சாகலாம், ஆனால் பெரும்பாலும் கூடவே வளரும். நான் வேறு ஊர்க் குயிலின் குணத்தை நம் குயிலின் தலையில் கட்டிவிட்டேன். அன்ரியிடமும் போய்ச் சொல்லிவிட்டேன்.

தாய்க் காகம் கொண்டுவருவதைக் கவனித்தேன். ஒரு தரம் கரப்பான், ஒரு தரம் இறைச்சித் துண்டு, மூன்று தரம் சோறு. எங்கள் சுவர்ச் சோறு.

ஜூலை 7

கொட்டாஞ்சேனை நண்பர் திரும்ப வந்து, "அப்படியானால் காகம் நல்லது என்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறார். இல்லை. அதை நான் சொல்ல முடியாது.

இதே காகம் 1890களில் சான்சிபார் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது, குப்பையை எடுக்கட்டும் என்று. அங்கிருந்து கிழக்கு ஆபிரிக்கக் கரைக்குப் பரவியது. அங்கத்தைய சின்னப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தது. 2024இல் கென்யா பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. அங்கே இருந்திருந்தால் நானும் அதை எதிர்த்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். சல்வீனியாவுக்கு நாம் செய்ததும் அதுதானே.

ஆனால் கொழும்பில் அது வந்தேறி அல்ல, இங்கேயே பிறந்த பறவை. அதன் கூட்டில் குயில் வளர்கிறது. உங்கள் பிரச்சினை காகம் இருப்பதில் இல்லை, இத்தனை காகம் இருப்பதில். நஞ்சு வைத்து ஆயிரத்தைக் கொன்றால் பை அங்கேயே இருக்கும், அடுத்த வருடம் வேறு ஆயிரம் வரும். இடையில் அந்த நஞ்சைத் தின்ற காகத்தைக் கபரகொய்யாவும் நாயும் தின்னும். நஞ்சு வேண்டாம், தயவுசெய்து. நான் சொல்வது இவ்வளவுதான்: சாப்பாட்டு மிச்சத்தை வேறாக்கி மூடியுள்ள வாளியில் வையுங்கள். பையை முதல் நாள் இரவே வாசலில் வைக்காமல் வண்டி வரும் நேரத்துக்கு இறக்குங்கள். ஒரு வீடு செய்தால் காகம் அடுத்த வீட்டுக்குப் போகும், தெருவே செய்தால் முட்டை குறையும். மகளுக்குச் சொல்லுங்கள், பணிஸைக் கையில் உயர்த்திப் பிடிக்காமல் மதிலுக்கு முதுகு கொடுத்து நின்று சாப்பிடச் சொல்லி. காகம் பின்னால் இருந்துதான் வரும்.

அம்மாவிடமும் பேசிவிட்டேன். ஒரு பிடி என்பது ஒரு கோப்பை அளவாகியிருந்தது. இனி ஒரு பிடிதான்.

ஜூலை 13, சனி

குயில் குஞ்சு இன்று காலை முதல் தடவையாகச் சுவர்வரை பறந்து வந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, கண் இன்னும் சிவக்கவில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது, குனிந்து எடுக்கத் தெரியவில்லை. தாய்க் காகம் வந்து ஒரு பருக்கையை எடுத்து ஊட்டியது. அம்மா உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே, "காகம் தின்றுவிட்டதா?" என்று கேட்டார். "குயில் தின்கிறது அம்மா" என்றேன்.